ஒரு பிடி என்று சொன்னேன்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கட்டையில், உப்பு டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில், ஒரு கண்ணாடி பாட்டில் ஏழு வருஷமாக நிற்கிறது. ஒருகாலத்தில் ஊறுகாய் இருந்த பாட்டில். உள்ளே இருப்பதைப் பார்த்தால் யாரும் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். அதன் வழியாக ஏலகிரி மலை தெரியும், கொஞ்சம் வளைந்து. ஆனால் அதில் இருப்பது களிமண். பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே எதுவும் சாயாது. பாதி உயரத்தில் மிளகளவு காற்றுக்குமிழி ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே போகவும் இல்லை, உடையவும் இல்லை. காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தக் குமிழியைத்தான். பார்த்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்ப்பேன். சட்டை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஒருமுறை. "இன்னாய்யா, எழுந்து ஓடிடுமா அது?" என்பாள் என் மனைவி. ஓடாது என்று எனக்கும் தெரியும்.

அதைக் கொடுத்தவர் எங்கள் தோல் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்த கெமிஸ்ட் மேடம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியை எழுதி, அது சரியா என்று படித்து, திரும்பப் படித்து, எழுந்து போய்விடுவேன். இது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்குப் போனவன், முதல் பக்கத்தில் போட்ட கணக்கையே மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தபோது இரண்டாம் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதற்குப்பின் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் அடுப்பை மூன்று முறை. நாட்றம்பள்ளியில் பஸ் ஏறினால் ஆம்பூர் வருவதற்குள் டிபன் பையைத் திறந்து மூன்று முறை பார்ப்பேன். இரண்டோடு நிறுத்தினால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

வீட்டில் பேஜாராக இருந்த இந்தக் குணம் கம்பெனியில் எனக்குச் சோறு போட்டது. என் வேலை டிரம் ஓட்டுவது. இரண்டு ஆள் உயரத்துக்கு மரத்தால் செய்த பெரிய பீப்பாய். பச்சைத் தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டு அடைத்தால், மணிக்கணக்கில் உருண்டுகொண்டே இருக்கும். தோல் பதமாவது அதற்குள்தான். எந்த வால்வைத் திறந்தேன், எதை மூடினேன் என்று நான் மூன்று முறை பார்ப்பதால் என் டிரம்மில் தோல் கெட்டதில்லை. "உன் பயம் எனக்குப் பிரயோஜனம்ப்பா" என்பார் எங்கள் முதலாளி ஹாஜியார். அதனால்தான் மேடம் வந்து புது முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒரு டிரம் கேட்டபோது, மூலையில் இருந்த அஞ்சாம் நம்பரையும் அதோடு என்னையும் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் தோல் என்றால் குரோம். கரும்பச்சைப் பவுடர். அதைப் போட்டால் தோல் நீலமாகி, அழுகாமல், கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காமல் நிற்கும். ஆனால் டிரம்மைத் திறந்தால் மிச்சமெல்லாம் பச்சைத் தண்ணீராக வெளியே வரும். அதைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் சேரும் கசட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது பெரிய தலைவலி. குழந்தைகள் செருப்புக்கு உள்பக்கத் தோல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், குரோமே இல்லாத தோல் தர முடியுமா என்று கேட்டிருந்தார். மேடம் அதற்குத்தான் வந்தார். கணியம்பாடிப் பக்கம், அப்பா வேர்க்கடலை போடுகிறவர். வேலூரில் பஸ் மாறி ஒன்பது மணிக்குள் வந்துவிடுவார். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். கையில் பிளாஸ்டிக் அட்டை போட்ட நீள நோட்டு. டிரம் கூடத்து நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாத முதல் படித்தவர் அவர்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதல் நாள் அவர் கொண்டுவந்த காகிதச் சாக்கைப் பிரித்தபோது பவுடர் முகத்துக்குப் பூசுகிற மாவைவிட நைசாக இருந்தது. "இன்னா மேடம் இது?" என்றேன். "களிமண்ணுண்ணா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டு, நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது ஒரு சீட்டுக்கட்டு மாதிரிண்ணா. ஒரு துணுக்குக்குள்ள ஆயிரக்கணக்குல தகடு, ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி மெதுவா உள்ள போச்சுன்னா ஒவ்வொரு சீட்டா பிரியும். பிரிஞ்ச சீட்டு கண்ணுக்கே தெரியாது, அவ்ளோ சின்னது. அதுங்கதான் தோல் நாருக்கு நடுவுல போய் உக்காந்து புடிச்சுக்கும். கூட ஒரு மருந்து கொஞ்சமா சேப்போம். மிஞ்சறது வெளிய வந்தாலும் மண்ணுதானே, பயமில்ல." பயமில்லை என்ற வார்த்தையை என்னிடம் யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். ஆனால் அவர் சொன்னபோது ஏனோ வரவில்லை.

முதல் சோதனையில் அவசரப்பட்டுச் சாக்கைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டோம். கட்டி தட்டிய கேழ்வரகுக் கூழ் மாதிரி ஆகிவிட்டது. தோலெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டாவதில் அளவு ஜாஸ்தி. தோல் விறைத்துப்போய் அட்டையாக வந்தது. பக்கத்து நாலாம் நம்பரில் குரோம் ஓட்டுகிற பாய் ஒருவர், இருபது வருஷமாக என் தோஸ்த், ஒரு தோலை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இத செருப்புக்குக் குடுக்காதீங்க, கதவுக்குக் குடுங்க" என்றார். மேடமும் சேர்ந்து சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை. "மூணு தரம்னு பேசிக்கிட்டோம், மேடம். மூணாவதும் சரியா வரலன்னா அஞ்சாம் நம்பர நான் குரோமுக்கே விட்டுடுவேன். உங்கள வெச்சு நான் இன்னா பண்றது சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மேடம் தலையாட்டிவிட்டு, கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து எதையும் எழுதாமல் திரும்பச் செருகிக்கொண்டார்.

மூன்றாவது சோதனைக்கு மண் கரைக்கும் வேலையை அவர் என்னிடமே விட்டார். மாவு சல்லடையை வைத்துக்கொண்டு, சுழலும் தண்ணீரில் தூசு விழுகிற மாதிரித் தூவினேன். ஒரு காலை முழுவதும் தூவினேன். அவசரக்காரனுக்கு அந்த மண் மசியாது. என்னைப் போல் ஒவ்வொரு சிட்டிகைக்கும் பயப்படுகிறவன்தான் அதற்குச் சரி. மத்தியானம் மேடம் ஒரு கண்ணாடி ஜாடியில் அதை மொண்டு நோட்டுக்கு மேல் பிடித்தார். எழுத்து படிக்க முடிந்தது. "அண்ணா, நான் படிக்கிறப்ப லேப்ல பாத்தது இதான். இவ்ளோ தெளிவா இங்க ஒரு நாளும் வந்ததில்ல" என்றார். டிபனில் ஊறுகாய் கொண்டுவந்த பாட்டிலைக் கழுவி, அதில் கொஞ்சம் ஊற்றி மூடி, மேசையில் வைத்தார். மறுநாள் அது கெட்டியாகியிருந்தது. "கெட்டுப்போச்சா மேடம்?" என்று பதறினேன். அவர் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கினார். தண்ணீராக ஓடியது. "சும்மா வெச்சா சீட்டெல்லாம் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கும். குலுக்குனா இளகிடும். அதோட குணம் அப்டி."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குரோம் டிரம் ஓட்டுகிறவர்கள் தோல் பதமாகிவிட்டதா என்பதைக் கொதிநீரில்தான் பார்ப்போம். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்துப் பேனாவால் சுற்றிக் கோடு போடுவோம். அப்புறம் அந்தத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, போட்ட கோட்டின்மேல் திரும்ப வைப்போம். கோடு மறைந்தால் தோல் பதம். கோடு வெளியே தெரிந்தால் சுருங்கிவிட்டது, இன்னும் குரோம் வேண்டும். இதைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் செய்தேன். அதனால் மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "இத மட்டும் கொதிக்க வெக்காதீங்கண்ணா. கட்டாயம் சுருங்கும். அது குரோமுக்கு வெக்கிற பரீட்சை. உள்பக்கத் தோலுக்கு அவ்ளோ சூடு தாங்கவே வேணாம். நான் வேற முறையில பாத்துக்கறேன்." நான் சரி மேடம், சரி மேடம் என்றேன். மூன்றாவது முறையும் சொன்னேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கூடத்தில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். மேடம் எங்கள் டிரம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று காட்டக் கழிவுநீர் நிலையத்துக்குப் போயிருந்தார். அஞ்சாம் நம்பர் மட்டும் தனியாக உருண்டுகொண்டிருந்தது. அவர் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று டிரம்மை நிறுத்தி ஒரு துண்டு வெட்டினேன். வெட்டினவன் இரண்டாகவே வெட்டினேன். ஒன்று அவருக்கு. மற்றது எதற்கு என்று கத்தி வைத்தபோதே எனக்குத் தெரியும். கோடு போட்டேன். தண்ணீர் கொதித்தது. போட்ட அடுத்த நொடி அந்தத் துண்டு நெருப்புப் பட்ட பிளாஸ்டிக் தாள் மாதிரி முறுக்கிக்கொண்டு கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. காகிதத்தில் நான் போட்ட கோடு பெரிய ஓட்டையாகத் தெரிந்தது.

அவர் சொன்னது மறக்கவில்லை. சுருங்கும் என்றுதான் சொன்னார். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்து வாழ்ந்தவனுக்குக் கண் சொல்வதுதான் உண்மை. இது போச்சு என்று தோன்றியது. மூன்றாவதும் போச்சு, மேடம் போய்விடுவார், ஹாஜியார் என்னையும் பார்த்து "நீயுமாப்பா?" என்பார். நாலாம் நம்பர் பக்கத்தில் குரோம் சாக்கு வாய் திறந்து நின்றது. ஒரே ஒரு பிடி. ஒரு பிடி என்ன செய்துவிடும், கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதானே. கையுறை போட்ட கையால் ஒரு பிடி அள்ளி, மக்கில் கரைத்து, டிரம் அச்சில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே ஊற்றினேன். டிரம் உருண்டது. ஒரு பிடி போதுமா என்று நின்றேன். போதாது என்று தோன்றியது. இரண்டாவது பிடியை ஊற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். மூன்றாவதை எதற்குப் போட்டேன் என்று கேட்டால், பூட்டை எதற்கு மூன்றாவது முறை இழுக்கிறேனோ அதற்குத்தான். ஊற்றி முடித்ததும் நெஞ்சு இலேசானது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொழுகை முடிந்து வந்த பாய் குல்லாயைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார். "இன்னா தோஸ்து, தோலு வெளுக்கறதுக்கு முன்னால நீ வெளுத்துட்டே?" என்றார். "வெயில்" என்றேன். கூடத்துக்குள் ஏது வெயில்.

சனிக்கிழமை டிரம்மைத் திறந்தோம். தோல் வெள்ளையாக, பஞ்சு மாதிரி வந்தது. புள்ளி இல்லை, விறைப்பு இல்லை. பாய் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "மேடம், வாபஸ், இது கதவுக்கு வேணாம்" என்றார். ஹாஜியார் வந்து தடவிப் பார்த்துவிட்டு மேடத்துக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அவர் பாராட்டுவது அப்படித்தான். மேடம் மட்டும் ஒரு தோலை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஓரத்தை வெட்டி, வெட்டுவாயை வெகுநேரம் பார்த்தார். "அண்ணா, நடுவுல லேசா ஒரு பச்ச ஓடற மாதிரி இல்ல?" நான் குனிந்து பார்த்தேன். தெரிந்தது. "தெரியல மேடம்" என்றேன். "என் கண்ணுதான் போல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. சாம்பிள் செவ்வாய்க்கிழமை போகிறது. வாங்குகிறவர் அதைச் சோதனைச்சாலையில் கொடுத்துக் குரோம் இருக்கிறதா என்று பார்ப்பார். அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்த வெள்ளிக்கிழமை என் மூளையில் அது இல்லவே இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று திங்கள் காலை பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தேன். மேடம் சாம்பிள் மேசையில் தனியாக இருந்தார். "மேடம், வெள்ளிக்கிழம நான் தண்ணில போட்டுப் பாத்துட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "சுருங்குச்சா?" "சுருங்குச்சு மேடம். பயந்துட்டேன். குரோம் போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். மிகவும் மெதுவாகக் கேட்டார்: "எத்தன பிடிண்ணா?"

மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணு மேடம்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

தராசைக் கொண்டுவரச் சொன்னார். அதே கையுறையைப் போட்டுக்கொண்டு உப்பில் ஒரு பிடி அள்ளச் சொல்லி எடை போட்டார். முதல் பிடி சிந்திவிட்டது. மறுபடி அள்ளச் சொன்னார். குரோம் பவுடர் ஒரு பிடி எவ்வளவு இருக்கும் என்று அதிலிருந்து கணக்கிட்டார். நோட்டில் பென்சில் ஓடியது. "ஒரு பிடின்னா தப்பிச்சோம். துளிகூட இருக்கக் கூடாதுன்னு அவங்க சொல்றதில்ல, ஒரு வரம்பு இருக்கு. பழைய டிரம் மரத்துலேர்ந்தே கொஞ்சம் வரும்னு அவங்களுக்கும் தெரியும். நல்லா கழுவி அனுப்புனா வரம்புக்குள்ளதான் நிக்கும்" என்றார். பிறகு பென்சிலைப் பல்லால் கடித்துக்கொண்டு, "இதுக்கு மேல இருந்துச்சுன்னா இன்னிக்கே ஹாஜியார்கிட்ட சொல்லி, வேற தோல் போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஒரு வாரம் தள்ளிக் கேட்டா அவங்க குடுப்பாங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். உண்மையைச் சொல்லக் கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. தோலைக் கழுவப் போனேன். மூன்று முறை கழுவினேன்.

சோதனை முடிவு வர பத்து நாளுக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் கூரியர் பையன் சைக்கிள் மணி அடித்தால் நான் வாசலை எட்டிப் பார்ப்பேன். வந்த அன்று ஹாஜியார் இருவரையும் கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தை மேடத்திடம் நீட்டினார். "மத்ததெல்லாம் பாஸு. குரோம் மட்டும் ஜாஸ்தி. குரோமே போடாத தோல்ல குரோம் எங்கேர்ந்து மேடம் வந்துச்சு?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்து, அன்று போட்ட கணக்கைப் பார்த்தார். காகிதம், நோட்டு, காகிதம். அவர் உதடு ஏதோ வகுத்துப் பார்ப்பது போல அசைந்தது. மூன்று என்கிற அந்த ஒரு சொல், அதைச் சொன்னால் அவர் கணக்கு சரி, மண் சரி, எல்லாம் சரி. தவறு நான் மட்டும். அவர் நோட்டை மூடினார். "என் கணக்கு தப்பு, ஹாஜியார். டிரம்மப் பத்தி நான் ஜாக்கிரதையா இல்ல. என் பொறுப்புதான்."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாப்பா சொல்றே?"

"எல்லாம் மூணு தரம் பாத்தேன், ஹாஜியார்" என்றேன்.

மூன்றாவதும் போனதால் அந்த மாதத்தோடு மேடத்துக்கு வேலை போனது. கடைசி நாள் அவர் கூடத்துக்கு வந்து அஞ்சாம் நம்பர் பக்கத்தில் நின்றார். அதில் அப்போதே குரோம் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நின்றிருப்பார். என்னவோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது, சொல்லவில்லை. நானும் வால்வைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். பையிலிருந்து அந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து, "நீங்க கரச்சதுண்ணா. நீங்களே வெச்சுக்குங்க" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் குலுக்கலில் இளகியிருக்க வேண்டும். வீட்டில் ஜன்னல் கட்டையில் வைத்த பிறகு உறைந்தது. உறையும்போது ஒரு குமிழி மேலே போய்க்கொண்டிருந்தது. பாதியில் நின்றுவிட்டது. அதற்குப்பின் ஏழு வருஷம் நான் அந்த பாட்டிலைத் தொடவே இல்லை.

இப்போது எங்கள் கம்பெனியில் இரண்டு டிரம்மில் அந்த மண்தான் ஓடுகிறது. குரோம் இல்லாத தோல் கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஹாஜியார் மகன் பொறுப்புக்கு வந்ததும் வெளியிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனியைக் கூப்பிட்டார். அவர்கள் சாக்கும் கொடுத்தார்கள், செய்முறை எழுதிய தாளும் கொடுத்தார்கள். தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மண்ணைச் சல்லடையில் தூவ வேண்டும். கொதிநீரில் சோதிக்கக் கூடாது. குரோம் சாக்கு அதே கூடத்தில் இருக்கக் கூடாது. நான் தினமும் அதைப் படிக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தனியாகக் கண்டுபிடித்துவைத்ததை, இப்போது யாரோ வந்து கற்றுக்கொடுப்பது போல் கொடுக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளில் அவர் கையெழுத்து இருந்திருக்கும் என்று தோன்றும். தோன்றியதும் வால்வைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன மாதம் கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்கிறவர் பேச்சுவாக்கில், மேடம் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார், நம்பர் என்னிடம் இருக்கிறது என்றார். வாங்கிக்கொண்டேன். நாலு வெள்ளிக்கிழமை அந்த நம்பரை அழுத்தி அழுத்தி அணைத்தேன். ஐந்தாவது வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரத்தில், கூடம் காலியாக இருந்தபோது மணி அடிக்கவிட்டேன். அவர் எடுத்து யாருங்க என்றார். பேரைச் சொன்னேன். "அண்ணா! எப்டி இருக்கீங்க? வீட்ல எல்லாரும்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், இனி நிறுத்தினால் சொல்லவே முடியாது என்று, "மூணு மேடம்" என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்டது. அவர் நடந்து வெளியே வருவதும் கேட்டது.

"தெரியும்ணா" என்றார்.

சாக்கின்மேல் உட்கார்ந்தேன். "ரிசல்ட் வந்தப்ப வகுத்துப் பாத்தேன். சரியா மூணு பிடி வந்துச்சு" என்றார். "ஆனா அதுக்கு முன்னாடியே தெரியும்ணா. திங்கக்கிழம நீங்க ஒண்ணுன்னு சொன்னப்பவே. நீங்க எதையும் ஒரு தடவையோட நிறுத்தி நான் பாத்ததே இல்லயே."

"அப்ப ஏன் மேடம் கேக்கல?"

"கேட்டா மூணுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்." அவர் சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். "சொல்லிட்டா மறுபடியும் ஹாஜியார்கிட்ட போய் நிக்கணும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். தோலு அவ்ளோ நல்லா வந்திருந்துச்சு. ஒண்ணாவே இருக்கட்டும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு. நீங்க குடுத்த ஒண்ண நான் கெட்டியா புடிச்சுக்கிட்டேன். அதனாலதான் அன்னிக்கு என் கணக்கு தப்புன்னு சொன்னேன். பொய் சொல்லலண்ணா. நெஜமாவே என் தப்புதான் அது."

கடைசி நாள் அரை மணி நேரம் நின்றீர்களே என்று கேட்டேன். "இதச் சொல்லத்தான் நின்னேன். நீங்க வால்வயே பாத்துட்டு இருந்தீங்க" என்றார். பிறகு அவருக்கு மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது, சாயந்திரம் பேசுகிறேன் என்றார். வைப்பதற்கு முன்னால், "அந்த பாட்டில் இன்னும் இருக்காண்ணா?" என்றார். இருக்கு மேடம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் ஏலகிரி மேல் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனேன். உப்பு டப்பாவை நகர்த்திவிட்டு பாட்டிலை எடுத்தேன். மூடியில் ஏழு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே குமிழி, எப்போதும் நிற்கிற இடத்தில். என் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு, "இன்னாய்யா, இன்னிக்கு கையிலயே எடுத்துட்ட?" என்றாள். மூடியை ஒரு கையாலும் அடியை ஒரு கையாலும் பிடித்து, பலமாக ஒரு குலுக்குக் குலுக்கினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உள்ளே இருந்தது முழுவதும் மெல்ல அசைந்து, இளகி, பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தது. குமிழி தயங்கித் தயங்கி மேலே ஏறி, விளிம்பில் போய் உடைந்தது.

இன்னொரு தடவை குலுக்கு என்று கை சொன்னது. பாட்டிலை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.